இடுப்புல இருக்கறது எல்லாம் நமக்கானது இல்ல

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கற ஒரு விஷயம். செக்யூரிட்டி, போலீஸ்காரங்க துப்பாக்கி, விலங்கு, ரேடியோன்னு எல்லாத்தையும் மாட்டிக்கற டூட்டி பெல்ட்ல எந்த சாமான் எங்க இருக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது யாரு, கட்டிக்கறவனா, கட்டச் சொல்றவங்களா? வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியான்னு தோணும். இந்த வேலையில இருக்கறவங்க நாலு பேர் ஷிஃப்ட் முடிஞ்சு ஒண்ணா உக்காந்தா போதும், பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில இங்கதான் வந்து நிக்கும். ஒருத்தர் "எல்லாருக்கும் ஒரே அடுக்கு, ஒரே இடம், அதுக்குப் பேர்தான் டிசிப்ளின்"ம்பார். இன்னொருத்தர் "என் இடுப்பு, என் முதுகுவலி, நீ யாருய்யா சொல்றதுக்கு"ம்பார். இதுல கொடுமை என்னன்னா ரெண்டு பேர் சொல்றதும் நியாயமா இருக்கும், நான் நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டு இருப்பேன்.

நான் முதல்ல வெறும் டார்ச், வாக்கி டாக்கி, சாவிக்கொத்தோட நிக்கற செக்யூரிட்டி, அப்புறம் துப்பாக்கியோட நிக்கற டூட்டி, இப்ப புதுசா வர்றவங்களுக்கு பெல்ட் மாட்டிவிட்டு பழக்கிவிடற வேலை. இந்த மூணுலயும் பெல்ட் மேல எனக்கு இருந்த பார்வை வேற வேற. சாவிக்கொத்தோட நின்ன காலத்துல ஒரே கவலைதான், நடந்தா சத்தம் வரக்கூடாது. ராத்திரி ரவுண்ட்ஸ் போகும்போது நாம வர்றது நூறு அடிக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும், சாவியை மூடற மாதிரி மடிப்பு வெச்ச பவுச் ஒண்ணு கெடைச்சதும் அந்த பிரச்சனை முடிஞ்சுது. துப்பாக்கி வந்ததும் கவலையோட தன்மையே மாறிப்போச்சு. அடுத்தவங்களுக்கு மாட்டிவிட ஆரம்பிச்சப்பதான் இது நம்ம வசதி பத்தின விஷயம் மட்டும் இல்லயோன்னு ஒரு சந்தேகம் உள்ள புகுந்துச்சு, அத சொல்லத்தான் இந்த பதிவு.

முதல்ல இஞ்ச் கணக்கு

பெல்ட் அடுக்கறது பத்தி மணிக்கணக்கா பேசறவங்க யாரும் டேப் எடுத்து அளக்கறதில்ல. வெளி பெல்ட் ரெண்டேகால் இஞ்ச் அகலம், உள்ள போடறது ஒன்றரை இஞ்ச், ரெண்டும் வெல்க்ரோல ஒட்டிக்கும், அதுக்கு மேல நழுவாம இருக்க ரெண்டையும் சேத்துப் பிடிக்கற கீப்பர்ங்கற சின்னப் பட்டி நாலு. அகலம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா சுத்தளவு அப்படி இல்லையே. 30 இஞ்ச் இடுப்புன்னு வெச்சுக்கங்க. முன்னாடி பக்கிளுக்கும் குனிஞ்சு நிமிர்றதுக்கும் ஒரு 4 இஞ்ச் விடணும். பின்னாடி முதுகெலும்புக்கு நேரா எதுவும் இருக்கக்கூடாது, அங்க ஒரு 5 இஞ்ச் போச்சு. மிச்சம் 21. இப்ப சாமானுக்கு வருவோம், எல்லாம் தோராயம்தான்: துப்பாக்கி செருகற உறை, அதாவது ஹோல்ஸ்டர் 3, தோட்டா அடுக்கின மேகசின் ரெண்டு வைக்கற பவுச் மூன்றரை, கரண்ட் ஷாக் குடுத்து ஆளை முடக்கற டேசரோட ஹோல்ஸ்டர் மூன்றரை, கைவிலங்கு கேஸ் 4, ரேடியோ 3, டார்ச் 2, மடக்கு லத்தி 2, பெப்பர் ஸ்ப்ரே 2, கீப்பர் நாலும் சேத்து 4. கூட்டிப் பாருங்க, 27 வருது. இன்னும் கையுறை, சாவி, ரத்தம் நிறுத்தற டூர்னிக்கெட் எதுவும் கணக்குலயே வரல. அதே சாமானை 40 இஞ்ச் இடுப்புக்காரர் மாட்டினா அவருக்கு 31 இஞ்ச் இடம் இருக்கு, காத்தோட்டமா மாட்டிட்டு "இதுல என்ன கஷ்டம்"னு கேப்பார். ஒரே மாதிரி அடுக்கணும்னு யாராவது ஆர்டர் போட்டா எனக்கு முதல்ல கேக்கத் தோணறது, எழுதினவரோட இடுப்பு எவ்ளோ சார்னுதான்.

முதுகெலும்புக்கு நேரா ஏன் கூடாதுன்னு ஒரு வரி சொல்லிடறேன், ஏன்னா பழைய ஆளுங்க விலங்கை அங்கதான் வெச்சிருப்பாங்க, இன்னமும் சிலர் வெச்சிருக்காங்க. ரெண்டு கையாலயும் எட்டும், உண்மைதான். ஆனா மல்லாக்க விழுந்தா உடம்பு வெயிட்டு மொத்தமும் ஒரு இரும்புத் துண்டு மேல, அதுவும் நேரா முதுகெலும்புக்கு அடியில இறங்கும். விழாட்டியும் வண்டி சீட்ல சாயும்போது தினம் தினம் அது அங்க குத்திக்கிட்டே இருக்கும். ஒரு நாள் குத்தினா தெரியாது, வருஷக்கணக்குல குத்தினா தெரியும்.

பொண்ணுங்க விஷயத்துல இந்த கணக்கு இன்னும் மோசம். இடுப்பு சுத்தளவு சின்னதுங்கறது ஒரு பக்கம், இடுப்பெலும்பு வெளிய விரிஞ்சு இருக்கறதால ஹோல்ஸ்டரோட கீழ் பாகம் வெளிய தள்ளி துப்பாக்கியோட பிடி உள்ள சாஞ்சு விலா எலும்புல இடிக்கும். உடம்பு மேல்பாகம் கொஞ்சம் குட்டையா இருந்தா துப்பாக்கியை உருவறதுக்கு முழங்கை அக்குளுக்கு மேல போக வேண்டியிருக்கும். இதுக்குன்னே ஹோல்ஸ்டரைக் கொஞ்சம் கீழ இறக்கி, வெளிய தள்ளி மாட்டற மவுண்ட் வருது, ஆனா பல இடத்துல அத கேட்டு வாங்கணும், கேக்கறதுக்கு முன்னாடியே "எல்லாரும் இதத்தான போடறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அதனால சொந்த வசதிக்கு அடுக்கிக்கணும்னு சொல்றவங்க பக்கம் நியாயம் இல்லன்னு யாரும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு உடம்பே சாட்சி.

வலது பக்கம், இடது பக்கம்

ஆனா சில இடத்துல வசதின்னு பேச்சே எடுக்கக்கூடாது, அதுல முதல்ல வர்றது துப்பாக்கியும் டேசரும். 2009 ஜனவரி 1, அமெரிக்கால ஓக்லண்ட்ல ஃப்ரூட்வேல் ரயில் ஸ்டேஷன்ல, பிளாட்ஃபாரத்துல குப்புறக் கெடந்த ஆஸ்கர் கிராண்ட்ங்கற பையனை ஒரு ரயில்வே போலீஸ்காரர் முதுகுல சுட்டார், டேசர்னு நெனச்சு துப்பாக்கியை எடுத்துட்டேன்னு கோர்ட்ல சொன்னார். 2010ல உள்நோக்கம் இல்லாத கொலைன்னு தீர்ப்பாச்சு. அதுக்கப்புறம் பல போலீஸ் துறைகள்ல டேசர் துப்பாக்கிக்கு எதிர் பக்கம்தான்னு கறாரா ஆச்சு, கலர் மஞ்சளா இருக்கறதும் பாத்ததும் தெரியணும்னுதான். சரி, பிரச்சனை தீந்துச்சான்னா இல்ல. 2021 ஏப்ரல் 11, மின்னசோட்டால புரூக்ளின் சென்டர்ல டாண்டே ரைட்ங்கற இளைஞனை சுட்ட கிம் பாட்டர்ங்கற போலீஸ் அதிகாரிக்கு 26 வருஷ சர்வீஸ். துப்பாக்கி வலது பக்கம், மஞ்சள் டேசர் இடது பக்கம், அதுவும் இடது கையால எடுக்கற மாதிரிதான் மாட்டியிருந்துச்சு. வாய் "டேசர், டேசர்"னு கத்துது, வலது கை வலது பக்கம் போயி துப்பாக்கியை உருவுது. டேசரோட வெயிட்டு துப்பாக்கியில பாதிகூட இருக்காது, அப்படியும் கைக்குத் தெரியல.

இந்த ரெண்டாவது கேஸ் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது, ஏன்னா அங்க பெல்ட்ல குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் புத்தகத்துல சொன்ன மாதிரி சரியான பக்கத்துல இருந்துச்சு. கை பல ஆயிரம் தடவை எங்க போயி பழகியிருக்கோ அங்க போச்சு, அவ்ளோதான். பெல்ட்டை ஒழுங்கா அடுக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு என்கிட்ட யாராவது சொன்னா இத எடுத்துக் காட்டுவேன். அதே சமயம் இதையே காரணம் காட்டி "அப்ப எங்க வெச்சா என்ன"ன்னு கேக்கறதும் தப்பு. கை பழக்கத்துக்குத்தான் போகும்னா, அந்த பழக்கத்துக்கு ஒரே ஒரு இடத்தைத்தான் குடுக்கணும், வாரத்துக்கு ஒருதடவை மாத்தி மாத்தி குடுத்தா அது எங்கதான் போகும்? வேற ஒருத்தர் பைக்கை எடுத்தா இண்டிகேட்டர் போட நெனச்சு ஹாரன் அடிச்சிருப்போமே, அந்த மாதிரி, என்ன இங்க ஹாரனோட போகாது.

ஸ்ப்ரேயையும் நான் துப்பாக்கி பக்கம் வைக்க விடறதில்ல. ரேடியோவும் எதிர் பக்கம், ஏன்னா பேசற கையும் துப்பாக்கி எடுக்கற கையும் ஒண்ணா இருந்தா நடுவுல ஒண்ணைக் கீழ போட வேண்டியிருக்கும். டார்ச்சும் அதேதான். பாத்தீங்களா, துப்பாக்கி பக்கம் வரக்கூடாதுன்னு தள்ளித் தள்ளி எல்லாம் எதிர் பக்கம் போயி முட்டுது, 30 இஞ்ச்காரங்க இங்கதான் முழிக்கறாங்க. இதுல எனக்குப் புரிஞ்சது, எத எங்க வைக்கறோம்ங்கறத விட எதுக்குப் பக்கத்துல எது வரக்கூடாதுங்கறதுதான் பெரிய தலைவலி.

ஹோல்ஸ்டர் பத்தி சும்மா ஒரு இடைச்செருகல். இப்ப வர்ற லெவல் 3 ஹோல்ஸ்டர்ல கட்டைவிரலால மேல இருக்கற மூடியைக் கீழ அமுக்கி முன்னாடி சுத்தணும், அதுக்கப்புறம் உள்பக்கம் இருக்கற லீவரைப் பின்னாடி இழுக்கணும், அப்பதான் துப்பாக்கி மேல வரும். அடுத்தவன் பின்னாடி இருந்து வந்து உருவக்கூடாதுன்னு செஞ்சது. கட்டறவனுக்கு இது ஒரே அசைவா ஆகற வரைக்கும் பழகணும். அந்த ஹோல்ஸ்டர் ஒரு இஞ்ச் பின்னாடி நழுவியிருந்தாலும் கட்டைவிரல் வர்ற கோணம் மாறி மூடி பாதியில நிக்கும். இது எப்ப நழுவும் தெரியுமா? பாத்ரூம் போயிட்டு வந்தப்புறம். கீப்பர் நாலையும் கழட்டி, மூணு இடத்துல அமுக்கினாதான் தொறக்கற பக்கிளை விடுவிச்சு, வெல்க்ரோவ சர்ர்னு பிச்சு எடுத்து, திரும்ப அவசரத்துல ஒட்டும்போது பெல்ட் மொத்தமும் கொஞ்சம் சுத்திப்போயி ஒட்டியிருக்கும். கண்ணாடில பாத்தா தெரியாது. நான் எல்லாருக்கும் உள் பெல்ட்ல பேண்ட் சைடு தையலுக்கு நேரா வெள்ளை நூலால ஒரு தையல் போட்டுக் குடுத்துடறேன், வெளி பெல்ட்ல ஹோல்ஸ்டர் நடு அதுக்கு நேரா வரணும். இத சொன்னா சிரிப்பாங்க, ஒரு மாசம் கழிச்சு நூல் பிஞ்சுபோச்சு திரும்பப் போட்டுத் தாங்க சார்னு வந்து நிப்பாங்க.

லைட்ட அணைச்சப்புறம்

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க பயிற்சில ஒரு பாடம் உண்டு, ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு விடுவோம். ஒருத்தருக்கு தொடையில பலத்த காயம்னு வெச்சுக்கிட்டு அவர் கீழ படுத்துக்கணும், பேசக்கூடாது. இன்னொருத்தர் அவரோட டூர்னிக்கெட்டை எடுத்து கட்டணும். கவனிங்க, அவரோட டூர்னிக்கெட்டை. அடிபட்டவன்கிட்ட இருக்கறத அவனுக்குக் கட்டறதுதான் முறை, நம்முத எடுத்து அவனுக்குக் கட்டிட்டா அடுத்த குண்டு நமக்குன்னா என்ன பண்றது. பகல்ல, லைட்ல இது எல்லாருக்கும் வந்துடும். அன்னிக்கு நான் லைட்ட அணைச்சேன், கையுறையும் போடச் சொன்னேன்.

படுத்திருந்தவர் நல்ல அனுபவஸ்தர், பெல்ட் அடுக்கறதுல எங்ககிட்டயே கிளாஸ் எடுப்பார். தன்னோட பெல்ட்ல எது எங்கன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவார், எடுத்தும் காட்டுவார், வேகம்னா அப்படி ஒரு வேகம். அவருக்கு ஜோடியா வந்தது சேந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பொண்ணு. இருட்டுல எனக்கு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. முதல்ல ஒரு பட்டன் தொறக்கற டப்புங்கற சத்தம், அப்புறம் உலோகம் உரசற சத்தம், அது விலங்கு கேஸ். திரும்ப மூடினா. அடுத்து வெல்க்ரோ பிரியற சத்தம், அது கையுறை வெச்சிருந்த பவுச். அப்புறம் பிளாஸ்டிக் மேல விரல் தட்டற சத்தம், சட்டுனு நின்னுபோச்சு, ஹோல்ஸ்டர்ல கை பட்டதும் இழுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் ஸ்ப்ரே டப்பா, பயிற்சிக்குன்னு தண்ணி நிரப்பினது, அது உருண்டு எங்கயோ போச்சு. அவ மூச்சு வேகமா வாங்கறது கேக்குது. எனக்கு வாட்ச் பாக்கக்கூட தோணல, ஏன்னா தொடையில பெரிய ரத்தக்குழாய் அறுந்துருந்தா நிமிஷக் கணக்குதான், அதுவும் ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

லைட்ட போட்டேன். அவர் டூர்னிக்கெட்டை வலது பக்கம் பின்னாடி, ஹோல்ஸ்டருக்குப் பின்னால செருகி வெச்சிருந்தார், அந்தப் பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுத்திருந்தார், அது அவர் உடம்புக்கு அடியில நசுங்கிக் கெடந்துச்சு. அவர் எந்திரிச்சு ரொம்ப சாதாரணமா வலது கையைப் பின்னாடி விட்டு ஒரே இழுப்புல எடுத்துக் காட்டினார், "இங்கதானம்மா இருக்கு"ன்னார். அந்தப் பொண்ணு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கா. "அண்ணே, உங்களுக்கு அங்க இருக்குன்னு தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"னா. அவர் "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"னார். "நீங்கதான் மயக்கத்துல இருக்கீங்களே அண்ணே"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சார். அப்புறம் அவ என் பக்கம் திரும்பி சொன்னா, "சார், அது அவரு பெல்ட்ல இருக்கு, ஆனா எடுக்கப்போறது நான். அப்ப எடம் யாரு சொல்லணும்?"

இத்தன நாளா நான் ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டு இருந்த சண்டையில இந்தக் கேள்வியை யாரும் கேக்கல. ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்றவங்க அழகுக்கும் ஒழுங்குக்கும் பேசினாங்க, வரிசையா நின்னா பாக்க நல்லா இருக்கும்னு. சொந்த இஷ்டம்னு பேசறவங்க உடம்புக்கும் வேகத்துக்கும் பேசினாங்க. இந்த சாமானை எடுக்கப்போற கை யாரோடதுன்னு ரெண்டு தரப்பும் பாக்கல. அப்படிப் பாத்தா பெல்ட் தானா பிரிஞ்சுடுது. டூர்னிக்கெட், கையுறை, விலங்கு சாவி, இதெல்லாம் அடுத்தவன் என் இடுப்புல இருந்து எடுக்க வேண்டி வரும். விலங்கு கூட வரும், ரெண்டு பேர் சேந்து ஒருத்தனை அமுக்கிப் பிடிக்கும்போது என் ரெண்டு கையும் மாட்டிக்கிட்டா பக்கத்துல இருக்கறவன்தான் என் கேஸ்ல இருந்து எடுக்கணும். இதுக்கெல்லாம் இடம் நான் சொல்லக்கூடாது, எல்லாருக்கும் ஒரே இடம். டார்ச், லத்தி, நோட்டு, மேகசின் நிமிர்ந்து இருக்கணுமா படுத்து இருக்கணுமா, இதெல்லாம் என் கை மட்டும் தொடறது, இதுல அடுத்தவனுக்கு என்ன வேலை? துப்பாக்கியும் டேசரும் மூணாவது ரகம். அதையும் நான் ஒருத்தன்தான் எடுக்கப்போறேன், ஆனா மாத்தி எடுத்தா விலை குடுக்கறது எதிர்ல நிக்கறவன். அதனால அங்க எனக்கும் உரிமை இல்ல, என் ஜோடிக்கும் உரிமை இல்ல.

டூர்னிக்கெட்டுக்கு நாங்க முடிவு பண்ண இடம் முன்னாடி, பக்கிளுக்கு ஒட்டி, நடுக்கோட்டுல. காரணம் சிம்பிள், ஒரு கை அடிபட்டாலும் இன்னொரு கை எட்டும், எந்தப் பக்கம் விழுந்தாலும் அடியில போகாது, குப்புற விழுந்தா புரட்டினா போதும், ஆளை எப்படியும் புரட்டத்தான் போறோம். பிளாஸ்டிக் உறையைப் பிச்சுட்டு, பட்டியைப் பெரிய வளையமா விட்டு, நுனி வெளிய தெரியற மாதிரி மடிச்சு வைக்கணும். உறையோட வெச்சிருக்கறவங்க இருக்காங்க, புதுசா இருக்கட்டும்னு. ரத்தம் பட்ட கையுறையோட அந்த உறையை ஒருதடவை பிச்சுப் பாருங்கன்னு சொல்றேன், அதுக்கப்புறம் யாரும் வெச்சிக்கறதில்ல.

இடதுகைக்காரங்க வந்தா என்னன்னு கேட்டாங்க. அவங்க பெல்ட் அப்படியே கண்ணாடில பாத்த மாதிரி திரும்பும், துப்பாக்கி இடது, டேசர் வலது. நடுவுல இருக்கறது மட்டும் திரும்பாது, அது எல்லாருக்கும் நடுவுலதான். நடுக்கோட்டுக்கு நாங்க வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கை மனுஷன்

பெல்ட்ல எது எங்கங்கறது உடம்புக்கு ஏத்த மாதிரி மாறினதுக்கு ரொம்ப பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. சாம் பிரவுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1858ல சண்டையில இடது கை போயிடுச்சு. அப்பல்லாம் வாளோட உறையை இடது கையால பிடிச்சுக்கிட்டு வலது கையால உருவணும். கை இல்லாதவர் என்ன பண்ணுவார், உறை ஆடாம இருக்க இடுப்பு பெல்ட்டோட சேத்து தோள் மேல குறுக்கா ஒரு வாரைப் போட்டார். அந்த ஒரு மனுஷனோட தேவைக்கு வந்த வார், அப்புறம் ரெண்டு கையும் நல்லா இருக்கற பல நாட்டு ராணுவ, போலீஸ் அதிகாரிங்களுக்கும் யூனிஃபார்ம் ஆயிடுச்சு. கட்டிப்புரண்டு சண்டை போடற இடத்துல அந்த குறுக்கு வார் எதிராளிக்குப் பிடிச்சு இழுக்க வசதியா இருக்குன்னு பல இடத்துல பின்னாடி கழட்டினாங்க. சொந்த வசதி எப்படி விதியாகும், விதி எப்படி அர்த்தம் இல்லாம தொங்கிக்கிட்டு இருக்கும்ங்கறதுக்கு இதவிட என்ன வேணும்.

இன்னொரு பக்கம் 1970 ஏப்ரல்ல கலிஃபோர்னியா நியூஹால்ல நடந்தது. ஒரே ராத்திரில நெடுஞ்சாலை போலீஸ்காரங்க நாலு பேர் சாவு. அப்ப ரிவால்வர்தான், தோட்டா பெல்ட்ல ஒரு சின்ன பவுச்ல உதிரியா இருக்கும், தொறந்தா கையில கொட்டும், ஒவ்வொண்ணா எடுத்துப் போடணும். சுட்டுக்கிட்டு இருக்கும்போது நடுங்கற கையில அது எப்படி முடியும்? அதுக்கப்புறம் அந்தத் துறையில ஆறு தோட்டாவையும் ஒரே அமுக்குல உள்ள தள்ளற ஸ்பீட்லோடர் வந்துச்சு. இத படிச்சப்புறம் பெல்ட்ல ஒரு சின்ன பவுச் மாறினாலும் ஏன் மாறுச்சுன்னு கேக்கற பழக்கம் எனக்கு வந்துடுச்சு, கேட்டா சில சமயம் யாருக்கும் பதில் தெரியாது, அது வேற கதை.

நின்னா ஒண்ணு, உக்காந்தா ஒண்ணு

இதெல்லாம் நின்னுக்கிட்டு யோசிச்ச யோசனை. இந்த வேலையில பாதி நேரம் உக்காந்துதான் இருக்கோம், வண்டில. டிரைவர் சீட் வலது பக்கம் இருக்கற வண்டில சீட்பெல்ட் கொக்கி இடது இடுப்புகிட்ட வரும், அங்கதான் எல்லாத்தையும் தள்ளித் தள்ளி வெச்சிருக்கோம், ரேடியோ, டேசர், டார்ச் எல்லாம். கொக்கியைத் தேடறதுக்குள்ள ரெண்டு பவுச்ல கை போகும். டிரைவர் சீட் இடது பக்கம் இருக்கற வண்டின்னா கொக்கி துப்பாக்கிகிட்ட. இறங்கற அவசரத்துல சீட்பெல்ட் வார் ஹோல்ஸ்டர்ல மாட்டிக்கிட்டு ஆள் பாதி வெளிய பாதி உள்ள நிக்கறத நானே பாத்திருக்கேன். புதுசா பெல்ட் அடுக்கினவங்களை நான் கண்ணாடி முன்னாடி நிக்க விடறதில்ல, நேரா வண்டில ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி விடறேன். அங்க தெரிஞ்சுடும் எது தப்பான இடத்துல இருக்குன்னு.

வெயிட்டும் சாதாரணம் இல்ல, எல்லாம் மாட்டினா 7 கிலோல இருந்து 10 கிலோ வரைக்கும் சுலபமா வந்துடும். அத நழுவாம வெச்சுக்க இறுக்கிக் கட்டறோம். தொடையோட வெளிப்பக்கம் மரத்துப்போறது, எரியறது, துணி பட்டாலே கூசறது, இதுக்கு டாக்டருங்க மெரால்ஜியா பாரஸ்தெட்டிகான்னு பேர் சொல்றாங்க. இடுப்பு முன்பக்க மடிப்புல தொடைக்குப் போற ஒரு தோல் நரம்பு நசுங்கறதால வர்றது, இறுக்கமான பெல்ட் அதுக்கு ஒரு தெரிஞ்ச காரணம். பலபேர் இத முதுகுப் பிரச்சனைன்னு நெனச்சு வருஷக்கணக்குல தைலம் தேச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த மடிப்புக்கு நேரா கெட்டியான சாமான் எதுவும் வைக்காதீங்க, உக்காரும்போது அது உள்ள குத்தும். அங்க படுக்க வைக்கற மேகசின் பவுச் போட்டவங்க பாதிபேர் எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க, மீதி பாதி பேர் எடுக்கறதுக்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்குன்னு திட்டியிருக்காங்க. இது அவங்கவங்க கைதான, அதனால நான் அதுல தலையிடல.

இதுக்கெல்லாம் தீர்வுன்னு இப்ப வெஸ்ட் வந்துருக்கு, சாமானை நெஞ்சுல மாட்டறது. விஸ்கான்சின்ல ஒ க்ளேர் போலீஸ்காரங்களை வெச்சு அங்க இருக்கற யுனிவர்சிட்டியும் மேயோ கிளினிக்கும் சேந்து பண்ண ஆய்வுல, வெயிட்டை இடுப்புல இருந்து வெஸ்ட்டுக்கு மாத்தினா இடுப்புவலி, கீழ்முதுகு வலி குறையுதுன்னு வந்துச்சு. வலி குறைஞ்சா சந்தோஷம்தான், யாரு வேணாம்னா. 30 இஞ்ச்காரங்களுக்கு விடுதலை. ஆனா எங்ககிட்ட வெஸ்ட் வந்த முதல் வாரமே மூணு பேர் மூணு விதமா மாட்டிக்கிட்டு வந்தாங்க, டூர்னிக்கெட் ஒருத்தருக்கு இடது தோள்ல, ஒருத்தருக்கு வலது விலாவுல, ஒருத்தர் இன்னும் பெல்ட்லயே. அன்னிக்கு இருட்டுல தேடின அதே பொண்ணு, இப்ப ஜூனியர்களுக்கு சொல்லிக்குடுக்கற அளவுக்கு வந்துட்டா, மூணு பேரையும் நிறுத்தி எல்லாத்தையும் கழட்ட வெச்சு, டூர்னிக்கெட்டை முன்னாடி நடுவுல மாட்ட வெச்சா. டேசர் பக்கம்கூட சண்டை இல்லாம முடிஞ்சுது. விலங்குதான் இழுத்துக்கிட்டு இருக்கு. நெஞ்சுல வெச்சா ஜோடி எடுக்க சுலபம், சரிதான், ஆனா கட்டிப்பிடிச்சு உருளும்போது எதிராளிக்கும் அதே சுலபம், கையில ஒரு இரும்பை எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். இடுப்புலயே இருக்கட்டும்னு நான் சொல்றேன், நெஞ்சுலதான்னு அவ சொல்றா. அடுத்த மாசம் ரெண்டு விதமாவும் மாட்டி, தரையில உருண்டு பாக்கறதா இருக்கோம், அனுபவஸ்தர் அண்ணன்தான் எதிராளியா வரேன்னு ஒத்துக்கிட்டார்.